சல்மா கூப்பிட்ட சொல்

வெள்ளிக்கிழமை, மாரி மழை, 1956.

இப்படித்தான் முடியும் என்று கல்முனைக்கே கேட்கும்படி அன்றே சொன்னவன் நான். கொழும்பில் பெரிய வீட்டில் வளர்ப்பார்கள் என்று சொல்லி, என் தங்கச்சி மகள் சல்மாவை ஒரு தரகன் கூட்டிப் போனான். இன்று முதுகெல்லாம் சூட்டுப் புண்ணோடு திரும்பியிருக்கிறாள். வாய் பேசவில்லை. ஜின் பிடித்ததென்று தங்கச்சி ஓதிய தண்ணீர் தெளித்தாள்.

வீடுவீடாக வரும் ஆஸ்பத்திரித் தாதி, மிஸ்ஸி, புண்ணைப் பார்த்தார். "ஏங்கா புள்ள, ஜின்னும் இஸ்திரிப்பெட்டி வெச்சிரிக்கா?" என்று தங்கச்சியிடம் கேட்டார். மருந்தை எடுத்துக்கொண்டு, "ஆம்புளயள் வெளிய நில்லுங்க" என்றார்.

நான் நிற்பேனா? உள்ளே போனேன். சல்மா "மாமா" என்று என் சாரனைப் பிடித்து அழுதாள். தேநீர்க்கடையில் இதைச் சொன்னேன், எல்லோர் கண்ணும் கலங்கியது.

இந்தக் குறிப்பேட்டில் கேட்க ஆளில்லை. விளக்கும் நானும்தான். அவள் மாமா என்று கூப்பிடவில்லை. என் குரல் கேட்டதும் மிஸ்ஸியின் பின்னால் ஒளிந்துகொண்டாள்.