கிட்டப் போனால் மறைகிறாள்

மார்ச் 31, ஞாயிறு

விடிந்த பிறகும் செம்பனைத் தோட்டத்துக்குள் பனி விலகவில்லை. கெமாஸ் போகும் ரயிலின் சத்தம் மட்டும் கேட்டது. ரயிலைக் காணோம். அப்படியொரு வெள்ளை.

இன்று அம்மனுக்கு முழு அலங்காரம். என் மகன் வயிற்றுப் பேத்தி ரோகினி கருவறைக்குள் போய்ப் படம் எடுத்தாள். எங்கள் தோட்டத்துக் கோயிலில் ஒரு பெண்பிள்ளை கேமராவோடு அந்தப் படியைத் தாண்டியது இதுதான் முதல் தடவை. போன கூட்டத்திலேயே கமிட்டித் தலைவர் நல்லசாமி கேட்டான், "ஏன்க்கா, ஆம்பள போட்டோக்காரனே கெடைக்கலயா?" "கெடைப்பான் தம்பி. என் பேத்தி மாதிரி எடுப்பானா?" என்றேன். பூசாரி புனிதன் சிரித்துவிட்டு, எடுக்கட்டும் என்றார். அத்தனை பேர் நடுவில் எழுந்து நின்று பேசியது நானா என்று இப்போதும் ஆச்சரியம்தான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்.

வெளியே வந்ததும் பூத்தட்டோடு என்னை வாசலில் நிறுத்தி எனக்கும் ஒரு படம் எடுத்தாள். சிரி பாட்டி என்றாள். சிரித்தேனா, தெரியவில்லை.

திருவிழா ஏப்ரல் 27. வாசலில் பத்தடிப் பேனர். அம்மன் முகம் அதில் முழுசாய் இருக்கும். மூலையில் என் பேத்தி பேர்.

ஏப்ரல் 2

மவுஸின் முதுகில் ஒரு சின்னச் சக்கரம் இருக்கிறது. அதை உருட்டினால் படத்துக்குள் நடந்து போகலாம். ரோகினி எனக்குக் காட்டித் தந்தாள். ஒரு கல்யாணப் படத்துக்குள் போய் மாப்பிள்ளையின் மீசை வரைக்கும் நடந்தேன்.

ஏப்ரல் 5, வெள்ளி

எப்படி எழுதுவது?

அம்மன் கன்னத்தில் டியூப் லைட் வெளிச்சம் ஒரு கோடு மாதிரி விழுந்திருக்கிறது. அதை எடுத்துவிட்டுத்தான் பேனர் கடைக்கு அனுப்ப வேண்டும். ரோகினி படத்தைப் பெரிசு பண்ணிக்கொண்டே போனாள். மாலை வந்தது, தாலி வந்தது, மோவாய் வந்தது. முகம் வரவேண்டிய இடத்தில் — ஒரு கறுப்புச் சதுரம். அடுப்புக்கரி பூசினது மாதிரி. சக்கரத்தைப் பின்னால் உருட்டினால் தூரத்தில் முகம் தெரிகிறது, அழகாய். கிட்டப் போனால் இல்லை.

"கேமரால பாரு பாட்டி, முகம் தெளிவா இருக்கு. கம்ப்யூட்டர்தான் என்னமோ பண்ணுது," என்றாள். கேமராவின் குட்டித் திரையில் அம்மன் இருந்தாள்தான். நகக்கண் அளவுக்கு.

தூரத்தில் நின்றால் காட்டுகிறாள். நெருங்கினால் மூடிக்கொள்கிறாள்.

ஏப்ரல் 6

ரோகினி நாள் முழுக்க அதோடுதான். அணைத்துப் போட்டுப் பார்த்தாள். படம் திருத்துகிற அந்தச் சாப்ட்வேரையே அழித்துவிட்டு மறுபடி போட்டாள். ஒன்றும் ஆகவில்லை.

"உள்ள ஒரு கார்டு இருக்கு பாட்டி. படத்த வேகமா வரையறதுக்குன்னே தனி மூளை மாதிரி. அதுக்குக் கோளாறா, இல்ல என் படமே கெட்டுப் போச்சான்னு தெரியல லா."

"வாட்சப்புல வந்த படமெல்லாம் நல்லாத்தானே வருது?"

"அதெல்லாம் சின்னது."

சின்னது நல்லாயிருக்கிறது, கல்யாணம் நல்லாயிருக்கிறது, இந்த முகம் மட்டும்? கேட்கவில்லை.

ஏப்ரல் 8, திங்கள்

நல்லசாமி மோட்டாரை வாசலிலேயே நிறுத்தி, ஹாரன் அடித்துக் கூப்பிட்டான். "என்னக்கா, அம்மன் இன்னும் மேக்கப் முடிக்கலயா?"

கம்ப்யூட்டர் சரியில்லை என்றேன். ரிப்பேர் கடை ஹரி ராயாப் பெருநாளுக்குப் பூட்டிக் கிடக்கிறது, திறக்கப் பத்து நாள் ஆகும் என்றேன். முகம் மறைவதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லித் தொலைத்தேன். அவன் சிரிப்பு நின்றுவிட்டது. ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான்.

"நான் அன்னைக்கே சொன்னேன்ல. போவக்கூடாத எடத்துக்குப் போனா இப்படித்தான். சரி விடுங்க, பூப்படம் போட்டுப் பேனர் அடிச்சுக்கலாம். இனிமே புள்ளைய உள்ள விட வேணாம்."

ரோகினி சன்னல் பக்கம்தான் இருந்தாள். கேட்டிருப்பாள்.

ஏப்ரல் 9

கேட்டுவிட்டேன்.

மத்தியானம் சோறு போட்டுக்கொண்டே கேட்டேன். "அன்னைக்கு உள்ள போனியே, சுத்தமாத்தான் இருந்தியாடி?"

அவள் தட்டை நகர்த்தி வைத்தாள். அப்புறம், "நீயுமா பாட்டி?" என்றாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருக்கலாம்.

கூட்டத்தில் எழுந்து நின்றவள் நான்தானே? அந்த வாயா இந்த வாய்?

ஏப்ரல் 10

ரஹாங்கில் ஒரு நிச்சயதார்த்தத்துக்குப் படம் எடுக்க வேண்டுமாம். காலையிலேயே போய்விட்டாள். அத்தை வீட்டில் தங்கிக்கொள்வாள். எப்போது வருவாய் என்று கேட்டேன். "பாக்கலாம்." கேமராவை எடுத்துக்கொண்டு போனாள். கம்ப்யூட்டர் இங்கேதான் இருக்கிறது, அதன்மேல் அவள் துப்பட்டா.

ஏப்ரல் 11

கனவு. ரப்பர் பால்மரக் காட்டுக்குள் நடந்துகொண்டிருக்கிறேன். அந்த மரங்களெல்லாம் வெட்டிச் செம்பனை நட்டு எத்தனையோ காலமாச்சு, கனவில் அவை அப்படியே இருக்கின்றன. தூரத்தில் கோயில், விளக்கு எரிகிறது. நான் ஓரடி வைத்தால் கோயில் ஓரடி பின்னால் போகிறது. வாசலில் யாரோ முதுகு காட்டி நிற்கிறார்கள். அம்மனா, ரோகினியா? கூப்பிட வாய் வரவில்லை.

எழுந்தும் மெத்தையில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். மழை தூறியது.

ஏப்ரல் 13, சனி

தனியாகக் கம்ப்யூட்டரைப் போட்டேன். அம்மனிடம் நேராய்க் கேட்டுவிடலாம் என்றுதான். ரோகினி திறக்கிற மாதிரியே இரண்டு தடவை தட்டினேன். வந்தது அம்மன் இல்லை. நான். கோயில் வாசலில் பூத்தட்டோடு நிற்கிறேன். பரவாயில்லை, சிரித்துத்தான் இருக்கிறேன்.

சும்மா சக்கரத்தை உருட்டினேன். தட்டு வந்தது. சம்பங்கி வந்தது. சேலைக்கரை, கழுத்துச் சங்கிலி. இன்னும் உருட்டினேன்.

என் முகம் இல்லை.

அதே கறுப்பு. அதே சதுரம். நாற்காலியில் சாய்ந்துவிட்டேன். முதலில் பயம்தான். அப்புறம் — நான் வாசலில் நின்றவள். நான் கருவறைக்குள் போகவே இல்லையே? இந்த வயதில் எனக்கென்ன தீட்டு? என் முகத்தை எதற்கு யார் மறைக்க வேண்டும்?

போன் போட்டேன். எடுத்தாள்.

"ரோகினி, என் மூஞ்சியும் போயிருச்சுடி."

"என்ன பாட்டி?"

"அம்மனுக்கு வந்த வியாதி எனக்கும் வந்திருக்கு. பூத்தட்டுப் படம். கிட்டப் போனா கரி."

அவள் மூச்சு மாறியது கேட்டது. "அதுவும் அதே கேமராவுல எடுத்த பெரிய படம்தான். அப்ப படம் கெடல பாட்டி! கல்யாணப் படம் ரெண்டாந்தேதி பாத்தது, அப்ப நல்லா இருந்துச்சு. கார்டுதான். கார்டேதான்!"

நான் அழுதேனா சிரித்தேனா, பக்கத்து வீட்டுச் செல்லம் வந்து எட்டிப் பார்த்தாள்.

ஏப்ரல் 14, சித்திரை முதல் நாள்

குளித்து விளக்கேற்றிவிட்டு உட்கார்ந்தேன். ரோகினி வீடியோவில் வந்தாள். போனைச் சர்க்கரை டின்னில் சாய்த்து வைத்துக்கொண்டேன்.

"தப்பாக் கேட்டுட்டேன்டி அன்னைக்கு," என்றேன்.

"மொதல்ல மேல இடது பக்கம் ரெண்டாவது பேர அமுக்கு. பேசுறது அப்புறம்."

அமுக்கினேன். நீளமாய் இறங்கியது. P எழுத்தில் ஆரம்பிக்கிறதைத் தேடு என்றாள், அதற்குள் இன்னொரு P. இங்கிலீஷ் எழுத்தை ஒவ்வொன்றாய்த்தான் கூட்டுவேன். அவள் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் ஒரு சின்னக் கட்டம், அதில் சரி அடையாளம். கார்டு வேலை செய்யட்டும் என்று அர்த்தமாம்.

"அத எடுத்துரு பாட்டி. அந்த மூளை கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்."

"எடுத்தா ஒண்ணும் வெடிக்காதே?"

"வெடிச்சா நல்லசாமி மாமா மேல பழி போடலாம் லா."

எடுத்தேன். சாப்ட்வேரை மூடித் திறக்கச் சொன்னாள். அம்மனைத் திறந்தேன். சக்கரத்தை உருட்டினேன். மாலை, தாலி, மோவாய் —

உடனே வரவில்லை. ஒரு சதுரம் வந்தது, மூக்குத்தி. கொஞ்சம் நின்று இன்னொரு சதுரம், உதட்டோரம். பனிக்குள்ளிருந்து ஆள் வருவது மாதிரி ஒவ்வொன்றாய் வந்தாள். கடைசியில் கண். என்னையே பார்த்தாள். கன்னத்தில் டியூப் லைட் கோடுகூட அழகாய்த்தான் இருந்தது.

"தெரியுதா பாட்டி? பாட்டி? போனத் திருப்பு, எனக்கும் காட்டு!"

ஏப்ரல் 16

வந்துவிட்டாள். கம்ப்யூட்டர் நாம் தூங்கும்போது தானாகவே கார்டை ஓட்டுகிற புதுச் சாப்ட்வேரை ஏற்றிக்கொண்டதாம், அதில்தான் பிழை. யாரைக் கேட்டு ஏற்றிக்கொண்டது என்றேன். இவள் பழையதையே திருப்பிப் போட்டாள். இப்போது கார்டு வேலை செய்தாலும் முகம் மறையவில்லை. தொட்டதும் பளிச்சென்று வந்துவிடுகிறது. அந்த மெதுவாய் வருகிற வருகை போயிற்று. சொன்னால் சிரிப்பாள். சொல்லவில்லை.

பழையபடி பேசுகிறாள். ஆனால் சாப்பிடும்போது தட்டைப் பார்த்தே சாப்பிடுகிறாள்.

ஏப்ரல் 20

பேனர் கடைக்கு அனுப்பியாச்சு.

ஏப்ரல் 27, சனி

வாசலில் பத்தடிக்கு அம்மன். மூலையில் ரோகினி பேர். நல்லசாமி எல்லாரிடமும், "நம்ம புள்ள எடுத்தது," என்று சொல்லிக்கொண்டிருந்தான். நம்ம புள்ளயாம். கேட்டுக்கொண்டே பானகம் ஊற்றினேன்.

பதினோரு மணிக்குத் திரை விலகியது. உள்ளேயிருந்து பூசாரி ரோகினியைக் கைகாட்டிக் கூப்பிட்டார். நல்லசாமி நகர்ந்து வழிவிட்டான். அவள் போகவில்லை. படிக்கு இந்தப்பக்கம் நின்று, திரும்பி என்னைப் பார்த்தாள்.

"போகட்டுமா பாட்டி?"

விளையாட்டுக்குக் கேட்டாளா, அந்த மத்தியானத்தை நினைத்துக் கேட்டாளா? மேளத்தில் குரல் சரியாய்ப் பிடிபடவில்லை.

"அவ கூப்பிடுறா, நீ போடி. இதுல நான் யாரு கேக்க?"

அவள் ஏதோ சொன்னாள். அதற்குள் கேமரா மேலே போய் முகத்தை மறைத்துவிட்டது. கோபமா, சிரிப்பா, தெரியவில்லை. நான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு படி வரைக்கும் போனேன். கேமரா ஓரமாய், சாம்பிராணிப் புகைக்குள், கன்னம் தெரிந்தது.

சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.