பழைய அடையில் பிறந்த தேனீக்கள்

உன் பூச்சிப் பெட்டி என் மேசைமேல் இருக்கிறது. மூடியைத் திறந்ததும் அந்துருண்டை நெடி மூக்கில் ஏறியது. இன்று காலை உன் மகள்தான் கொண்டுவந்து வைத்தாள். செத்தவர்களைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். உன்னைப் பற்றிச் சொல்ல என்னிடம் அத்தனை இல்லை.

மேல் வரிசையில், நீ கொல்லிமலையில் பிடித்த தேனீக்கள், கறுத்துப் பருத்து. கீழ் வரிசையில், நான் மோகனூரிலும் ஜேடர்பாளையத்திலும் பிடித்தவை, வெளுத்துப் பொடிசாக. இரண்டும் பெட்டியில் வளர்க்கிற ஒரே சாதித் தேனீதான். ஒரே ஆய்வகத்தில் இருவரும் ஆராய்ச்சி மாணவிகளாக இருந்தபோது மலையை நீ எடுத்துக்கொண்டாய், தரையை எனக்குத் தள்ளினாய். இருவர் ஆய்வேட்டிலும் இரண்டு பக்கத்து அளவுகளும் வரும் என்பது ஏற்பாடு. உனக்குக் குளிர்காற்று, எனக்குக் கரும்புக்காட்டு வெயில். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

இமயமலைப் பக்கம் திரியும் பம்பிள் தேனீயின் படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாய். உடம்பெல்லாம் மயிரடர்ந்த குண்டுப் பூச்சி. நாம் இருவரும் அதை உயிரோடு பார்த்ததே இல்லை. "குளிர் ஊர்ல உடம்பு பெருசு, வெயில் ஊர்ல சிறுசு. அவ்ளோதான்டி" என்பாய். பெரிய உடம்பில் சூடு சீக்கிரம் இறங்காது, அதனால் குளிரைத் தாங்கும் என்று விளக்கமும் வைத்திருந்தாய். அந்த விதி பம்பிள் தேனீயிலேயே எல்லா வகைக்கும் ஒத்துவரவில்லை என்று நான் பின்னால் படித்தேன். நீயும் படித்திருப்பாய். வெளியே சொல்லியிருக்க மாட்டாய்.

மோகனூரில் தென்னந்தோப்புக்குள் தேனீப் பெட்டி வைத்திருந்த அந்த அம்மாவை உனக்கு நினைவிருக்கும். ஒரே ஒரு நாள் நீயும் என்னோடு வந்தாய். அவர் பெட்டிக்குள்ளிருந்து ஒரு மரச்சட்டத்தைத் தூக்கிக் காட்டினார். அதிலிருந்த தேனடை கருங்கருப்பாக இருந்தது.

"ஏனுங்க அம்மிணி, இதுல பொறந்ததப் போயி அளக்கறீங்களே! ஒவ்வொரு புழுவும் தோல உள்ளாறயே உட்டுட்டுப் போகுது. அறை குறுகிப் போச்சுங்க. குறுகுன அறையில பொறக்கறது சிறுசாத்தானுங்க இருக்கும்."

எனக்குப் பக்கென்றது. வெயில் சுருக்கியதா, அடை சுருக்கியதா என்று தெரியாமல் நான் நூற்றுக்கணக்கில் இறக்கை அளந்து வைத்திருந்தேன். பஸ்ஸில் திரும்பும்போது, புது அடை கட்ட வைத்து மறுபடி பிடிக்க வேண்டும் என்று உன்னிடம் சொன்னேன். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

"இன்னொரு வருசம் ஆகும்டி. யாரு கேக்கப் போறா? உட்டுத்தள்ளு."

உன் பேச்சைக் கேட்டு நானும் விட்டுவிட்டேன். ஆனால் கேட்டார்கள். உன் வாய்மொழித் தேர்வில், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கேட்ட மூன்றாவது கேள்வியே அதுதான். தரையில் பிடித்த தேனீக்கள் புது அடையில் பிறந்தவையா, பழைய அடையிலா? நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நீ என் பக்கம் கையை நீட்டினாய்.

"தரைப்பக்கம் பூராவும் இவ புடிச்சதுங்க சார். எனக்குத் தெரியாதுங்க."

தெரியாதா? மோகனூரில் என் பக்கத்தில் நின்று கேட்டவள் நீ. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, பழியை என் தலையில் கட்டினாய். மரப்பொந்தில் இருந்த உன் கொல்லிமலை அடைகள் பழையவையா, புதியவையா என்று உன்னை ஒருவரும் கேட்கவில்லை. உனக்குப் பட்டம் கிடைத்தது. என் ஆய்வேடு திரும்பி வந்தது. நான் முதலிலிருந்து அளந்துகொண்டிருந்த காலத்தில், நாம் இருவரும் விண்ணப்பித்த கல்லூரி வேலையில் நீ போய் உட்கார்ந்தாய். எனக்கு ஸ்வீட் பாக்ஸ் வேறு கொடுத்தனுப்பினாய்.

மோகனூர் அம்மா கருப்பு அடைகளை அறுத்துப் போட்டுவிட்டு வெறும் சட்டங்களை வைத்தார். தேனீக்கள் வெள்ளை வெளேரென்று புது அடை கட்டி, அதில் குஞ்சு பொரிக்கும்வரை காத்திருந்தேன். பிறகு உன் மலைக்கும் நானே போனேன். அங்கேயும் புது அடை கட்ட வைத்தேன். உன் வேலையையும் சேர்த்து நான்தான் செய்தேன். தரைத் தேனீ கொஞ்சம் பெருத்திருந்தது. ஆனாலும் மலைத் தேனீ அதைவிடப் பெரிதுதான். நீ சொன்னது சரியாகப் போயிற்று. அதை எழுதியபோது எனக்கு வயிறு எரிந்தது. எழுதினேன்.

நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது வந்தேனே, பாசத்தில் வந்தேன் என்றா நினைத்தாய்? ஒரு வார்த்தைக்காக வந்தேன். தண்ணீர் கேட்டாய், கொடுத்தேன். தலையணையைச் சரிசெய்யச் சொன்னாய், செய்தேன். "இந்த வருசம் வெயில் தாங்கலடி" என்றாய். அவ்வளவுதான் உன் வாயிலிருந்து வந்தது. ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து வந்தேன். அடுத்த வாரம் நீ போய்விட்டாய்.

காலையில் உன் மகள் கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டாள். "அம்மா அளந்ததெல்லாம் சரிதானுங்களா பெரியம்மா?"

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். உன் கண்ணும் மூக்கும் அப்படியே அவளுக்கு. ஆனால் பதில் கேட்கும்போது நேராகப் பார்க்கிறாள், உன்னைப் போல ஜன்னல் தேடவில்லை. "அளந்தது சரிதான் சாமி" என்றேன். மீதியை விழுங்கினேன்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அம்மா அடுப்படியில நிக்கறப்ப எப்பவும் சொல்லுவாங்க. 'என்னையவிட அவதான் சுத்தமா அளப்பா. அன்னிக்கி நாந்தான் அவளக் காட்டிக் குடுத்துட்டேன்'னு. என்னன்னு கேட்டா சொல்ல மாட்டாங்க. கண்ணத் தொடச்சுக்குவாங்க."

ஆக, உனக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருடமும் தெரிந்திருக்கிறது. அத்தனை பேர் முன்னால் என்னை நோக்கிக் கையை நீட்டினாய். ஒப்புக்கொண்டது மட்டும் அடுப்படியில், ஒன்றும் புரியாத பிள்ளையிடம். நான் உன் கட்டில் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உன் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தேன்.