சுறாமூக்கு நைனாவுக்கு

என் அருமை நைனா,

நீ போய் இரண்டு வருடம் முடியப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை உனக்குப் படையல். என்ன வைப்பது என்று அம்மாவைக் கேட்டேன். "இட்லி வை, வடை வை. மீனு மட்டும் வோணாம்" என்றாள். பட்டினப்பாக்கத்தில் மீன் இல்லாத படையலா? கேட்டால் சிரிப்பார்கள்.

ஏன் தெரியுமா? உனக்குத் தன் கைச்சமையல் கசந்துவிட்டது என்று அவள் நம்புகிறாள். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு அவள் வைத்த குழம்பை நீ தொடவே இல்லையே. மூன்று மாதம் மெலிந்துகொண்டே வந்து, ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய். "நாப்பது வருசம் துன்னுட்டு, கடசில என் கொழம்ப வெறுத்துட்டுப் பூட்டாரு" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறாள். அதன்பின் மீன்சட்டி அடுப்பில் ஏறவில்லை. எனக்கு அது பொறுக்கவில்லை நைனா.

உனக்கு ஒரு செய்தி. அடையாற்றில், கடலை ஆராய்கிற ஓர் இடத்தில், மீன்தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்குக் கிடைத்திருக்கிறது. சுறாவுக்குத் தீனி போடுகிறேன் என்றால் நம்புவாயா? முழ நீளச் சுறாக்கள்தான். ஒரு தொட்டியில் இன்றைய கடல்நீர். இன்னொன்றில் நம் பேரப்பிள்ளைகள் காலத்துக் கடல். நாம் விடுகிற புகையிலிருக்கும் கரியமில வாயு கடலில் கரைந்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக அமிலப் பக்கம் தள்ளுகிறதாம். அதே வாயுவைக் குமிழியாக விட்டு அந்தத் தண்ணீரைத் தயாரிக்கிறார்கள். நாக்கில் வைத்துப் பார்த்தேன். அதே உப்புதான், வித்தியாசமே தெரியவில்லை.

கடம்பா மீன் துண்டைச் செங்கல்லுக்குப் பின்னால் ஒளித்துவைத்தால், முதல் தொட்டிச் சுறா நேரே வந்து கவ்வுகிறது. இரண்டாம் தொட்டியில் இருப்பது சுற்றிச் சுற்றி வந்து, துண்டைத் தாண்டியே போய்விடுகிறது. போன செவ்வாய்க்கிழமை எனக்கு எரிச்சல் தலைக்கேறிவிட்டது. "இன்னா கொழுப்பு உனக்கு? சோத்த எதுர வச்சிகினு துன்ன மாட்டியா?" என்று அதைப் பார்த்துக் கத்திவிட்டேன்.

ஆராய்ச்சி செய்யும் மேடம் சிரித்தார். "கொழுப்பு இல்ல வனஜா, அதுக்குப் பசிக்குது. சாப்பாடு எங்க இருக்குன்னு மூக்குதான் சொல்ல மாட்டேங்குது. இந்தத் தண்ணி மூக்கை மந்தமாக்குதுன்னு நினைக்கிறோம். எல்லா மீனுக்கும் இப்படித்தானான்னு இன்னும் தெரியல."

கையிலிருந்த வாளியைக் கீழே வைத்துவிட்டேன். சுறாவிடம் நான் கத்தியது அதே வார்த்தை நைனா. உன் தட்டை உன் பக்கம் தள்ளிவிட்டு நான் சொன்ன அதே வார்த்தை. நீ அப்பளத்தை மட்டும் நொறுக்கித் தின்றுவிட்டு எழுந்துபோனாய்.

அன்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. ஒவ்வொன்றாக நினைவுக்கு வருகிறது. மீன் ஏலத்தில் பெட்டியைத் திறக்கும் முன்பே, ஐஸில் எத்தனை நாள் கிடந்த மீன் என்று சொல்லிவிடுவாய். ஊரே உன்னைச் சுறாமூக்கு என்றது. அந்த நீ, காய்ச்சல் விட்ட வாரம், நாற்றமெடுத்த வஞ்சிரத் துண்டுகளை வாங்கிவந்து நின்றாய். "இன்னா நைனா, சுறாமூக்குக்கு சளியா?" என்று கேலி செய்தேன். அம்மாகூடச் சிரித்தாள். மறுநாளே முட்டிவலி என்று சொல்லி ஏலத்துக்குப் போவதை நிறுத்தினாய். முட்டி வலிக்கிறவன் தினமும் சாந்தோம் வரை நடப்பானா? எனக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டாமா?

வாசனை தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. எங்களிடம் உனக்கு என்ன வெட்கம்? ஆனால் கேலி செய்தவளிடம் எப்படிச் சொல்வாய், அதுவும் சரிதான். என்னை மன்னித்துவிடு நைனா.

இந்த நாலு நாளாக அடுப்படி வரை போய்ப் போய்த் திரும்புகிறேன். நீ பொத்திவைத்ததை நான் உடைக்கலாமா? அம்மா மூலம் தெரு முழுக்கத் தெரிந்துவிடுமே. ஆனால் அவள் தினமும் குழம்பு வைத்துவிட்டு, உன் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தாளே. புளி கூடிப்போச்சா, உப்பு கம்மியா என்று என்னைத் துளைத்தெடுத்தாளே. உன் மானம் எனக்குப் பெரிதுதான். அவள் கை அதைவிடப் பெரிது.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் சொல்லிவிடுவேன், இது சத்தியம். "உன் கொழம்புல ஒரு கொறையும் இல்லம்மா, நைனாவுக்கு வாசனையே தெரியல" என்பேன். அழுவாள். உன்னைத் திட்டவும் செய்வாள், வாங்கிக்கொள். அப்புறம் மீன்சட்டியை எடுத்து அவள் கையில் கொடுப்பேன். குழம்பு உன் இலைக்கு வரும். பக்கத்தில் இரண்டு அப்பளமும் வைக்கிறேன். அங்கேயும் உனக்கு மூக்கு திரும்பவில்லை என்றால், அதையாவது சாப்பிடு.

உன்னைக் கேலி செய்த உன் மகள்,
வனஜா