உயர்த்திக் காட்டிய குப்பி

ஆடி 6, ஞாயிறு

ஆடிக் காற்று. பாலக்கரை முழுவதும் புழுதி. நூலடுக்கைத் துடைத்துத் துடைத்து ஓய்ந்தேன். செவ்வாயன்று அரியமங்கலம் பட்டறைத் தொழிலாளர் கூட்டம். தலைமைப் பேச்சு என்னுடையது; குறிப்பெடுக்க வேண்டும். பொருள்: பெருங்குடற் புற்றுநோயை முன்னறிதல்.

மாலை மருத்துவர் நசுரீன் (இனி மரு.ந.) வீட்டுக்கு வந்தார். இந்நோய் பற்றிய ஆய்வொன்றை நடத்துபவர். மலத்தில் கண்ணுக்குத் தெரியாத குருதி உண்டா என்று பார்ப்பார்களாம். உண்டெனில் குழாய் செலுத்திக் குடலை நோக்குவார்கள். பிறகு ஆண்டுக்கணக்கில் அவரவர் உடல்நிலையைத் தொடர்வார்கள். யாருக்கு நோய் முற்றும், யாருக்கு முற்றாது என முன்கூட்டியே சொல்ல இயலுமா என்பதே ஆய்வின் கேள்வி. எனக்கு ஒரு குப்பி, என் மனைவி சரோசாவுக்கு ஒன்று. பெயரும் எண்ணும் அச்சிட்ட ஒட்டுத்தாள் தனித்தனியே.

"ஐயா, பட்டறை ஆளுங்க இந்த டெஸ்ட்னாலே கூச்சப்பட்டு ஓடிடறாங்க. மேடையிலயே நீங்க மொதல் ஆளா குடுத்தீங்கன்னா அத்தன பேரும் குடுத்துடுவாங்க."

"கொடுத்துவிட்டால் போயிற்று, அம்மா" என்றேன்.

எவரும் அறியாதது: சித்திரையிலிருந்து எனக்குக் குருதி போகிறது. இந்த ஏட்டில்கூட இன்றுதான் எழுதுகிறேன்.

ஆடி 8, செவ்வாய்

விடிந்ததும் சரோசா தன் பங்கை முடித்துவிட்டுக் குப்பியோடு வந்தாள். ஒரே சிரிப்பு. "ஏங்க, குச்சிய நாலு எடத்துல குத்தி உள்ள விட்டு மூடிட்டேன். இதுக்குப் போயி ஒரு பொதுக்கூட்டமா?"

என் முறை. சிவப்பு. வழக்கத்தினும் மிகுதி. இது ஆய்வகத்துக்குப் போகும். என் பெயரோடு போகும். முதலில் கொடுத்தவனின் முடிவைத்தான் ஊரே கேட்கும். "தலைவருக்கே இருக்காமே." அந்தக் குரல் அப்போதே காதில்.

அவள் குப்பி கூடத்து மேசையில், பெயரின்றி. என் ஒட்டுத்தாளை அதில் ஒட்டினேன். என் குப்பியும் அவள் ஒட்டுத்தாளும் குப்பையில். சட்டைப் பொத்தானை மாட்டும் நேரந்தான் ஆயிற்று.

கூட்டம் பெரிது. "தோழர்களே! பழுக்கக் காய்ச்சிய இரும்புக்கு அஞ்சாதவன் நீ. உன் குடலிலிருந்து வருவதற்கா நாணுவாய்? நாணம், நோயின் வாயிற்காவலன். அவனை வெளியேற்று!" குப்பியைத் தலைக்கு மேல் உயர்த்தினேன்.

பின்வரிசையிலிருந்து ஒருவர்: "தலைவரே, மூடி டைட்டா இருக்கான்னு பாத்துக்குங்க! தலையில ஊத்திடப் போவுது!"

அரங்கமே குலுங்கியது. பிறகு ஆண்களும் பெண்களும் வரிசையில் நின்று குப்பி வாங்கினார்கள். மரு.ந. கண் கலங்கினார். நான் பேசியவற்றுள் அதுவே சிறந்தது. எழுதக் கை கூசுகிறது.

ஆடி 11, வெள்ளி

மின்விசிறி பழுது. மூக்குக்கண்ணாடிச் சட்டம் மாற்ற வேண்டும். உறையூர்க் கூட்டத்துக்கு மறுமொழி.

மரு.ந. அழைத்தார். "அம்மாவோடது இன்னும் வரலியே, ஐயா?"

"சற்றுக் களைப்பாக இருக்கிறாள். பிறகு கொடுப்பாள்."

இரவுணவின்போது சரோசா: "என்னோடதையும் குடுத்துட்டீங்கல்ல?" "கொடுத்தாயிற்று."

ஒரே நாளில் இரண்டு பொய். மரு.ந.விடம் சொன்ன பொய்க்குக் கையில் கிடைத்த சொல் 'களைப்பு'. பிறகுதான் பார்க்கிறேன், கூடத்தைப் பெருக்கிவிட்டு அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எத்தனை நாளாக நிற்கிறாளோ.

ஆடி 15, செவ்வாய்

காற்று ஓயவில்லை. மரு.ந. அழைப்பு.

"ஐயா, பதறாதீங்க. உங்க டெஸ்ட் பாசிட்டிவ். பாசிட்டிவ்னா கேன்சர்னு அர்த்தம் இல்ல. திங்கக்கெழம ஸ்கோப் போட்டுப் பாத்துடுவோம்."

'அகப்பட்டுக்கொண்டேன்' என்பதே முதல் எண்ணம். கைப்பேசியை வைத்த பின்தான் உறைத்தது. அது என்னுடையது அன்று.

அடுக்களையில் அவள் பூசணிக்காய் நறுக்கும் ஓசை.

வழிகள்:
அ) நான் மட்டும் குழாய் ஆய்வுக்குப் போய் வாய் திறவாதிருத்தல். அவள் குருதி அவளுக்குள்ளேயே கசிந்துகொண்டிருக்கும்.
ஆ) 'கணவனுக்கு இருந்தால் மனைவிக்கும் பார்ப்பார்களாம்' என்று அழைத்துப்போதல். மூன்றாம் பொய்.
இ) சொல்லிவிடுதல்.

'ஆ'வை நெடுநேரம் மெருகேற்றிக்கொண்டிருந்தேன். சீ.

ஆடி 16, அறிவன் (புதன்)

மரு.ந.விடம் சொல்லிவிடும் துணிவோடு மருத்துவமனை. நடைவழியில் அரியமங்கலத்தார் சிலர், கையில் குப்பிகளோடு. எழுந்து நின்றார்கள். "ஐயா, நீங்க சொன்னதாலதான் வந்தோம்." ஓர் அம்மையார் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். திரும்பி வந்துவிட்டேன்.

ஆடி 18, வெள்ளி

பெருக்கு விழா. கொள்கைப்படி நான் போகாத விழா. இன்று சரோசாவோடு திருவரங்கம், அம்மா மண்டபம். பேருந்தில் நசுங்கிப் போய்ச் சேர்ந்தோம். படித்துறை முழுதும் மஞ்சளும் சித்திரான்னமும். பாதிப் படியிலேயே அவள் உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது.

"வெயிலுங்க. செத்த நேரத்துல சரியாயிடும்."

சொன்னேன். முன்னுரை கட்டி வைத்திருந்தேன். ஒரு சொல்லும் வரவில்லை. "அந்தக் குப்பி உன்னுடையது. அதில்தான் குருதி. என் பெயரை ஒட்டிக் கொடுத்துவிட்டேன்."

"எந்தக் குப்பி? மேடையில தூக்கிக் காட்டினீங்களே, அதா?"

"அதுதான்."

சிரித்தாள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி. "அடப்பாவி மனுசா. என்னோடத வச்சிக்கிட்டா அம்மாம் பேச்சு பேசுனீங்க?" சிரிப்பு நின்றது. புளிச்சோற்றுப் பொட்டலத்தை மடிக்குள் வைத்து இறுக்கிக்கொண்டாள். "அப்ப உங்களோடது எங்க? ஏன் குடுக்கல?"

அதையும் சொன்னேன். சித்திரை முதல் என்று.

"நாலு மாசம். ஒரே வீட்டுல இருக்கேன், எங்கிட்ட சொல்லல. ஊருக்கு எப்படித் தெரியும்னுதான் கவல." ஆற்றைப் பார்த்தபடி: "டாக்டரம்மாட்ட நான் பேச மாட்டேன். நீங்களே சொல்லுங்க. மைக் இல்லாம."

திரும்பும்போது பேருந்தில் ஓர் இருக்கைதான் கிடைத்தது. அவள் அமர்ந்தாள். வீடு வரும்வரை என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஆடி 19, காரி (சனி)

சொல்லிவிட்டேன். மரு.ந. எழுதுகோலை மூடிவைத்தார்.

"ஐயா, இதுல ஒவ்வொரு டியூபும் ஒரு ஆளு. அத மாத்திட்டா பின்னாடி நாங்க சொல்ற ஒவ்வொண்ணும் பொய்யாப் போயிடும். அத விடுங்க. அன்னைக்கு நான் அம்மாவப் பத்திக் கேட்டப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

அவர் புதுத் தாள் ஒன்றை எடுத்தார்.

"அம்மாவுக்கு எடை கொறஞ்சிருக்கா?"

தெரியாது என்றேன். அதற்கு அவர் பார்த்த பார்வை.

என் பெயரை ஆய்விலிருந்து நீக்கிவிட்டார். திங்களன்று இருவருக்குமே குழாய் ஆய்வு.

ஆடி 20, ஞாயிறு

உணவு இல்லை. குடலைக் கழுவும் மருந்துநீர், குவளை குவளையாய், இருவருக்கும். வீட்டில் ஒரே கழிப்பறை.

"ஏங்க, வெளிய வாங்க! உள்ள என்ன மாநாடா நடத்துறீங்க?"

நேற்று முழுதும் பேசாதவள் பேசிய முதல் சொல். கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். மறுபடி தட்டினாள்.

பிற்பகல் அவளாகவே சொன்னது: பங்குனியிலிருந்து புடவைக் கொசுவம் கூடுதலாக வருகிறதாம். "கேட்டாத்தானே சொல்லுவேன்."

ஆடி 21, திங்கள்

முதலில் எனக்கு. மயக்கமின்றி. மரு.ந. திரையைப் பார்த்தபடியே, "உங்களுக்கு வெறும் மூலந்தாங்க. மாத்திரைலயே சரியாயிடும்."

நெஞ்சு துள்ளியது. எழுதிவிடுகிறேன்: துள்ளியது. அவளை அப்போதுதான் உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள்.

காத்திருத்தல். பிறகு அழைத்தார்கள். பெருங்குடலின் வலப்பக்கத்தில் ஒரு கட்டி. திரையில் காட்டினார் மரு.ந. துணுக்கு வெட்டி ஆய்வகத்துக்கு அனுப்பியாயிற்று. "பாக்கறதுக்கு ஆரம்பமாத்தான் தெரியுது. ஆனா ரிசல்ட் வராம நான் எதுவும் சொல்ல மாட்டேன். ஆபரேசன் எப்படியும் இருக்கும்." என்னிடம் சொல்லவில்லை, அரை மயக்கத்தில் இருந்த அவளிடம் குனிந்து சொன்னார். அவள் தலையசைத்தாள்.

அடுத்த கட்டிலில் பொன்மலைத் தொடர்வண்டிப் பணிமனைக்காரர் ஒருவரின் மனைவி. சரோசாவிடம் பேச்சுக் கொடுத்தார். "எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க? வலி கிலி இருந்துச்சா?"

"ஒண்ணும் இல்லீங்க. இவருதான்" என்றாள் சரோசா, நாக்குக் குழற. "எனக்குத் தெரியாமலே என்னோடத எடுத்துட்டுப் போயி டெஸ்டுக்குக் குடுத்துட்டாரு."

"ஆம்பளைங்கள்ல யாருங்க இப்படிப் பாக்குறா? குடுத்து வச்சவங்க நீங்க."

அந்த அம்மையார் என்னைப் பார்த்துக் கைகூப்பினார். நான் சரோசாவைப் பார்த்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் மறுக்கவில்லை.