எல்லாமே காஞ்சிபுரம் இட்லிதான்

12-8-1968, திங்கள்

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

மெட்ராஸ் சுற்றுலா பஸ் கம்பெனிக்காரர் இன்று நம் ஹோட்டலுக்கு வந்தார். பலகாரம் பிடித்துப்போனால் வாராவாரம் இரண்டு பஸ் நம் வாசலில் நிற்கும் என்று போன மாதமே சொல்லியிருந்தார். அதற்காக விடியற்காலையிலேயே மூங்கில் குடலையில் மந்தாரை இலையைப் பரப்பி, மிளகும் சுக்கும் தட்டிப்போட்ட மாவை ஊற்றி, நானே அடுப்பில் ஏற்றினேன். குடலை இட்லி வேக மூன்று மணி நேரம் ஆகும். அதற்குள் அவரை அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அவரோ காரில் வந்து நேரே கடைக்குள் உட்கார்ந்துவிட்டார்.

"காஞ்சிபுரம் இட்லி இருக்கா?" என்று சப்ளையர் கோவிந்தனிடம் கேட்டாராம்.

"இந்த ஊரே காஞ்சிபுரம்தானே சார், இங்க எல்லாமே காஞ்சிபுரம் இட்லிதான்" என்று அந்த மகானுபாவன் நாலு வெள்ளை இட்லியைக் கொண்டுவந்து வைத்திருக்கிறான்.

நான் திரும்பியபோது அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். "இதை மெட்ராஸ்லயே சாப்பிடலாமே" என்றார். நான் கூப்பிடக் கூப்பிட நிற்காமல் காரில் ஏறிப் போய்விட்டார். உள்ளே குடலை வெந்து மணக்கிறது!

கோவிந்தனைப் பிடித்துக் கத்தினேன். "அவரு குடலை இட்லின்னு கேக்கவே இல்லியே மொதலாளி. கேட்டிருந்தா குடுத்திருக்க மாட்டனா?" என்கிறான்.

குடலை இட்லிக்கு ஊருக்கு வெளியே காஞ்சிபுரம் இட்லி என்றுதான் பெயர்; எல்லாருக்கும் தெரிந்த அது இவன் ஒருவனுக்குத் தெரியவில்லையே! இன்னும் நாலு வரி திட்டி எழுதலாம் என்று, மேலே எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தேன்.

நானும் குடலை இட்லி என்றுதான் எழுதிவைத்திருக்கிறேன்.