இவர் 'தேன்' என்ற பழம்

அக்டோபர் 4

தெருவில் எல்லா மரமும் இலை கொட்டிக்கொண்டிருக்கிறது. என் ஆரஞ்சு மரம் மட்டும் கொல்லைப்புறத்தில் முள்ளும் முறைப்புமாக நிற்கிறது. அப்படியே என்னை உரித்து வைத்தது போல் இருக்கிறதாம். சொன்னவர் இவர், என் புருஷன். முதல் காய்ப்பு. காய்களில் ஓரமாக மஞ்சள் ஏறத் தொடங்கிவிட்டது. இன்று நான் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையில் ஒருவருக்குக் கண் சோதிக்கும்போது, "கடைசி வரி தெரியுதா?" என்பதற்குப் பதில் "மஞ்சள் தெரியுதா?" என்று கேட்டுவிட்டேன். அவர் பயந்து போய் டாக்டரிடமே போகிறேன் என்று எழுந்துவிட்டார்.

அக்டோபர் 7

இவருடைய ஓட்டலில் தலைமைச் சமையல்காரர் ஓய்வு பெறுகிறார். மாதக் கடைசியில் முதலாளி தானே சாப்பிட்டுப் பார்த்து அந்த இடத்துக்கு ஆள் எடுப்பாராம். இதற்காகத்தானே இவர் இத்தனை வருஷம் அந்த அடுப்படியில் வெந்தார்! துள்ளிக் குதிக்க வேண்டிய மனுஷன் வாயே திறக்கவில்லை. போன மாதம் பிடித்த சளி இன்னும் முழுசாக விடவில்லை போலிருக்கிறது.

அக்டோபர் 12

சாப்பாட்டில் உப்புக் கரித்தது. மூச்சு விடவில்லை. தினமும் சமைத்துப் போடும் புருஷனிடம் குறை சொன்னால் நாளைக்கு நான் சமைக்க வேண்டிவரும். அந்தத் தண்டனை எங்கள் இருவருக்குமே தாங்காது. இன்னொன்று கவனித்தேன். குழம்பை உள்ளங்கையில் சொட்டு விட்டு நக்கிப் பார்க்கிற ஆள் இப்போது உப்பை ஸ்பூனால் அளக்கிறார். எதையும் அளந்து பார்க்கும் என் பழக்கம் தொற்றிவிட்டது! நாமும் ஒருத்தரைத் திருத்தினோம் என்று கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன்.

அக்டோபர் 18

அறுவடை! கிளை கொள்ளாமல் தொங்கியதில் பாதியைப் பறித்தேன். சின்னக் கூடைகூட நிரம்பவில்லை. அதை அறுவடை என்று எழுத எனக்குத்தான் கூச்சமில்லை. கையெல்லாம் முள் கீறல். இருந்தாலும் என்ன நிறம்! கடைப் பழம் பிச்சை வாங்க வேண்டும்.

முதல் பழத்தை உரித்து இவர் வாயில் ஊட்டினேன். மென்றார். விழுங்கினார். "தேன்!" என்றார். எனக்குத் தலை கால் புரியவில்லை. நான் ஒரு சுளைகூட வாயில் போடவில்லை. ஊருக்கெல்லாம் கொடுத்துவிட்டுக் கடைசியில் சாப்பிடுவதாக ஒரு தியாகி வேஷம். எதிர்வீட்டு டீச்சருக்கு நாலு. இவர் கையில் முதலாளிக்கு நாலு, இலையோடு, பார்க்க அழகாக.

அக்டோபர் 20

டீச்சரை வாசலில் மடக்கி, "பழம் எப்படி?" என்றேன், வாயெல்லாம் பல்லாக.

"உடம்புக்கு ரொம்ப நல்லதும்மா" என்றார்.

நெருடியது. நல்ல பழத்தைப் பார்த்து யாராவது உடம்புக்கு நல்லது என்பார்களா? வந்து ஒரு சுளையை வாயில் போட்டேன். ஐயோ! புளிப்பா, கசப்பா, இரண்டும் சேர்ந்து காது வரைக்கும் இழுத்தது. சமையலறைத் தொட்டியில் குனிந்து வாய் கொப்பளித்தேன்.

அப்படியானால் இவர் தேன் என்றது? எனக்காக. என் மனம் நோகக் கூடாது என்று. அந்தக் கண்றாவியை முகம் சுளிக்காமல் விழுங்கியிருக்கிறார்! தனியாக நின்று அசடு வழியச் சிரித்தேன். இப்படி ஒரு மனுஷன் யாருக்குக் கிடைப்பான்?

அக்டோபர் 21

காலையில் ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு, கன்று வாங்கிய நர்சரிக்குச் சண்டைக்குப் போனேன். வழியெல்லாம் வசனம் ஒத்திகை. நர்சரிக்காரர் கிளையைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "அடியிலேருந்து ஒரு கிளை வேகமா வந்திருக்குமே. அதை விட்டுட்டு மேல சவலையா இருந்ததை வெட்டிட்டீங்களா?"

வெட்டினேன். அந்தச் சவலைதான் ஒட்டுப் போட்ட நல்ல ஆரஞ்சாம். அடியிலிருந்து வந்தது, ஒட்டைத் தாங்க வைத்த காட்டு ஆரஞ்சு. இரண்டு வருஷமாக அதற்குத்தான் உரமும் முத்தமும். ஊருக்கெல்லாம் பார்வை சோதிப்பவள் நான்! சண்டைக்குப் போனவள் ஒரு மூட்டை உரத்தோடு திரும்பினேன்.

சாயங்காலம் இவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். "ஏங்க, அந்தப் புளிப்பை எப்படிங்க முழுங்கினீங்க?"

இவர் சிரிக்கவில்லை. "புளிப்பா இருந்துச்சா?" என்றார்.

அப்பவும் எனக்கு உறைக்கலை. மரமண்டை!

சளி வந்ததிலிருந்தே ஒண்ணும் தெரியலையாம். உப்பு தெரியலை, உறைப்பு தெரியலை, பால் பொங்கித் தீய்ஞ்சாக்கூட மூக்குக்குத் தெரியலை. ஸ்பூன் எதுக்குன்னு இப்பத்தானே புரியுது — நான் திருத்திட்டேனாம், நான்! பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்திருக்கேன், இந்த மனுஷன் தனியா பயந்து செத்திருக்காரு. ஏன் சொல்லலை? "சொன்னா நிஜமாயிடுமோன்னு பயம்" என்கிறார். நாக்கு இல்லாத சமையல்காரனை யார் வெச்சுப்பாங்க?

அதோடு விட்டதா? முதலாளி வெளியூர். பழம் அவர் மேஜையில் இருக்கிறது. நாளை மறுநாள் வருகிறார். "அடுப்படி முழுக்க தேன்னு சொல்லி வெச்சிருக்கேன்" என்றார் இவர். வயிற்றில் புளியைக் கரைத்தது. அதுவும் என் வீட்டுப் புளி.

அக்டோபர் 22

மாபெரும் திட்டம். கடையில் நாலு ஆரஞ்சு வாங்கி, ஒட்டியிருந்த லேபிளைச் சுரண்டி, நம் மரத்து இலையை நூலால் கட்டிக் கொடுத்தேன். முதலாளி வருவதற்குள் மேஜையில் மாற்றி வைத்துவிட வேண்டும். சினிமாவில்கூட இவ்வளவு கேவலமான கடத்தல் பார்த்ததில்லை.

அக்டோபர் 23

பையோடு போனவர் பையோடே திரும்பி வந்தார். "சொல்லிட்டேன்" என்றார். செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

முதலாளி கத்தவில்லையாம். அதுதான் கஷ்டமாக இருந்ததாம். "அடுத்த மாசக் கடைசி வரைக்கும் பார்க்கிறேன். அதுவரைக்கும் காய் நறுக்கு. நாக்கு வரலைன்னா வேற ஆளைத்தான் போடணும்ப்பா."

கடைப் பழத்தை நான்தான் சாப்பிட்டேன். இனிப்பாகத்தான் இருந்தது. அழுகை வந்தது.

நவம்பர் 2

டாக்டர் சொன்னபடி தினமும் காலையில் வாசனைப் பயிற்சி. காப்பித்தூள், சோப்பு, என் காட்டு ஆரஞ்சுத் தோல். கண்ணை மூடி முகர்கிறார். நான் பரீட்சை எழுதிய பிள்ளையைப் பெற்றவள் மாதிரி முகத்தையே பார்க்கிறேன். "பார்க்காதே, கூச்சமா இருக்கு" என்கிறார்.

இப்போது சமையல் நான். வீட்டில் சமைத்தால் அங்கே காய் நறுக்குகிற நினைப்பு வந்து இவருக்கு வலிக்கிறது. எவ்வளவு மோசமாகச் சமைத்தாலும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். முன்பென்றால் எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்கும்.

நவம்பர் 9

சோப்பு தெரிகிற மாதிரி இருக்கிறது என்றார். அப்புறம், இல்லை என்றார்.

நவம்பர் 13

ஒன்றுமில்லை. எனக்குத் தெரியாமல் பேப்பரில் வேறு வேலை விளம்பரம் பார்க்கிறார். மிச்சப் பழங்கள் மரத்தில் கொழுகொழுவென்று பழுத்து நிற்கின்றன, வெட்கம் கெட்டவை.

நவம்பர் 17

இன்று கண்ணாடிக் கடைக்கு அரை மணி தாமதம். முதலாளியம்மா என்ன ஆச்சு என்றதற்கு, "வீட்டுக்காரர் துப்பிட்டாரு" என்று சொல்லி, அவர் விழித்த விழிப்பைப் பார்த்து அங்கேயே சிரித்து, அங்கேயே அழுது, மானம் கப்பலேறியது.

நடந்தது இதுதான். காலையில் தோலை முகர்ந்தார். உதட்டைப் பிதுக்கினார். எரிச்சலில் பழத்தை உரித்து ஒரு சுளையை வாயில் எறிந்தார். மென்றார். முகம் அஷ்டகோணலானது. ஒரு கண் மூடிக்கொண்டது. நேரே தொட்டிக்கு ஓடித் துப்பினார்.

"அடிப்பாவி! இதையா முதலாளிக்குக் குடுத்தனுப்பினே?"

நான் அப்படியே நின்றேன். இவரும் குழாயைப் பிடித்தபடி நின்றார், தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பிறகு மெதுவாகத் திரும்பிக் கையை நீட்டினார்.

"இன்னொரு சுளை குடு."

கொடுத்தேன். அதையும் துப்பினார்.