நான்கு மூலை மஞ்சள்

நேற்று மத்தியானம் உன் மகள் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஆயர் ஈத்தாமில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தாள். கூடவே ஒரு பிஸ்கட் டின். மூடியைத் திறந்ததும் பழைய காகித வாடையோடு லேசாக மஞ்சள் வாடை வந்தது. வந்ததா, எனக்குத்தான் அப்படித் தோன்றியதா, தெரியவில்லை. உள்ளே நாம் பஸ்ஸில் நடத்தின கையெழுத்துப் பத்திரிகையின் பதினோரு நோட்டும் இருந்தன. ஒன்றைக்கூட நீ தூக்கிப் போடவில்லை.

"அம்மா எழுதினதை எல்லாம் டைப் பண்ணி வலைப்பூவுல போடப் போறேன் ஆண்டி. எந்த ஊர்ல இருந்தாலும் படிக்கலாம். தீம் மட்டும் நீங்க செலக்ட் பண்ணிக் கொடுங்க."

"தீம்னா என்னாம்மா?"

"அதோட முகம் ஆண்டி. என்ன கலரு, ஓரம் எப்படி, பார்த்ததும் எப்படித் தெரியணும்னு."

முகம் என்றதும் உன் குரல்தான் கேட்டது. "எழுத்து என்னோடது, முகம் உன்னோடது." அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

அந்தக் காலத்தில் ஒரு வாடகை வீட்டில் நாம் ஐந்து பெண்கள். விடியற்காலையில் பேக்டரி பஸ். பாயான் லெப்பாஸில் பேக்டரிக்குப் போய்ச் சேரும்வரை எல்லாரும் தூங்கி வழிவோம். இவளுகளை எழுப்ப ஏதாவது வேண்டும் என்று நீதான் ஒரு நோட்டு வாங்கி எழுத ஆரம்பித்தாய். கதை, மீன் குழம்பு, சூப்பர்வைசரைக் கேலி செய்யும் பாட்டு. இருந்தது ஒரே நோட்டு. அது சீட்டுக்குச் சீட்டு கை மாறிப் போக வேண்டும்.

அட்டையை என்னிடம் தள்ளிவிட்டாய். நான் ரப்பர் தோட்டத்துப் பள்ளியில் நான்காம் வகுப்போடு நின்றவள்.

"எனக்கு என்னாடி தெரியும்?"

"கண்ணு இருக்குல்ல? பேக்டரில மைக்ராஸ்கோப் வச்சு முடியளவு கம்பியைப் பார்த்துப் பார்த்து ஒட்டுறவ, ஒரு அட்டை ஒட்ட மாட்டியா?"

சேலைக் கடைக் காகிதம் ஒட்டிப் பார்த்தேன், பிய்த்தேன். காலண்டர் ரோஜாப்பூ வைத்தேன், மளிகைக் கடை மாதிரி இருந்தது. மினுக்குத் தாள் கண்ணைக் குத்தியது. கடைசியில் வெறும் வெள்ளைத்தாள் ஒட்டி, கறுப்பு மார்க்கரால் சுற்றிலும் தடியாக ஒரு கட்டம் போட்டேன். சட்டம் போட்ட படம் மாதிரி அவ்வளவு லட்சணமாக இருந்தது எனக்கு. நீ அவசரத்தில் அதைப் பார்க்காமலேயே பையில் போட்டுக்கொண்டாய்.

பஸ்ஸில் முதலில் வாங்கியது அந்த சுங்கை பாக்காப் ஊர்க்காரப் பெண். வாங்கின வேகத்தில் உன் மடியில் வீசினாள்.

"ஐயோ, யாரு செத்தது? வர்ற வாரம் எனக்கு நிச்சயம்லா! இதைப் போய்க் கையில கொடுக்கிறியே!"

அதற்குப் பிறகு ஒருத்தியும் தொடவில்லை. டிரைவர் அண்ணன் கண்ணாடியில் பார்த்து, "கருமாதி என்னைக்கு தங்கச்சி? பஸ் விடணுமா?" என்று கேட்டார். பஸ்ஸே சிரித்தது.

சாவுச் செய்திக்குக் கறுப்பு ஓரம் போடுவார்கள் என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. எங்கள் தோட்டத்தில் சாவை வாயால்தான் சொல்லி வருவார்கள், காகிதத்தில் பார்த்ததில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வீங்கின கண்ணோடு இருபது நாள் உட்கார்ந்து நீ எழுதினாயே, நான் வைத்த முகத்தால் அதை ஒருத்தியும் படிக்காமல் போகிறாளே என்றுதான் எனக்கு அழுகை.

நீ திட்டவே இல்லை. வேலை நேரம் முழுக்க என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தாய். வீட்டுக்கு வந்ததும் மஞ்சள்தூளை உள்ளங்கையில் குழைத்து, கட்டைவிரலால் நான்கு மூலையிலும் அழுத்தி அழுத்தி வைத்தாய், கல்யாணப் பத்திரிகைக்கு வைப்பதுபோல.

"கறுப்பு அப்படியே தெரியுதேடி" என்றேன்.

"தெரியட்டும்லா. நாம படிக்கத்தானே கூப்பிடுறோம்? கூப்பிடுறதுக்கு மஞ்சள் போதும்."

மறுநாள் அதே சுங்கை பாக்காப் பெண் மூலையை மோந்து பார்த்துவிட்டுப் பிரித்தாள். பேக்டரி கேட்டு வரும்வரை கீழே வைக்கவில்லை. சூப்பர்வைசர் பாட்டை அவள் பாடின பாட்டில் தூங்கினவர்கள் எல்லாம் எழுந்துவிட்டார்கள். பிறகு வந்த பத்து நோட்டுக்கும் மூலையில் மஞ்சள் வைத்தோம். கறுப்பு மார்க்கரை மட்டும் நீ ஒளித்து வைத்துவிட்டாய்.

உன் மகள் ஒவ்வொரு தீமாகத் தள்ளிக் காட்டினாள். கடல், பூ, மரப்பலகை. கடைசியில் அவள் மனதில் வைத்திருந்ததைக் காட்டினாள். வெள்ளையில் மெல்லிய கறுப்பு ஓரம், நடுவில் உன் படம். "இதுதான் டீசன்டா இருக்கு ஆண்டி."

பேப்பரில் வந்த உன் அறிவிப்பும் அப்படித்தான் இருந்தது. அன்றைக்கு மடித்து பீரோவில் வைத்தேன், இன்னும் பிரிக்கவில்லை. மஞ்சள் வைக்கலாம்மா என்றேன். அவள் முகம் மாறிவிட்டது.

"அம்மா போய் ரெண்டு மாசம்தான் ஆவுது. மஞ்சள் வச்சா சொந்தக்காரங்க என்ன சொல்வாங்க ஆண்டி?"

அவள் சொன்னதிலும் தப்பில்லை. நீ பெற்ற பிள்ளை, அவள் துக்கம் அவளுக்கு. வாதாடாமல் முதல் நோட்டை எடுத்து அவள் கையில் கொடுத்து, இந்தக் கதையைச் சொன்னேன். டிரைவர் கேட்டதைச் சொன்னபோது உன்னை மாதிரியே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நீ சொன்னதைச் சொன்னபோது நோட்டின் மூலையைத் தடவிக்கொண்டே அழுதாள். பழுப்பாகிப்போயிருந்தாலும் உன் கட்டைவிரல் ரேகை அதில் இன்னும் தெரிகிறது.

"கம்ப்யூட்டர்ல எப்படி ஆண்டி மஞ்சள் வைக்கிறது?" என்று கேட்டுவிட்டு, அவளே சொன்னாள். "நீங்க தாள்ல வச்சுக் கொடுங்க. போட்டோ எடுத்துப் போட்டுடறேன். கறுப்பு ஓரத்தை எடுத்துடவா?"

"இருக்கட்டும்மா. தெரியட்டும்."

நீ போனது பொய்யில்லையே.

மூன்று மூலைக்கு நான் வைத்தேன். நான்காவதை விட்டுவைத்தேன். உன் மகளைக் கூப்பிட்டு வைக்கச் சொன்னேன். அவளுக்கும் உன்னுடைய அகலமான கட்டைவிரல்தான். உன்னைப்போலவே அழுத்தி வைத்தாள்.

முதல் கதையை இன்றைக்கு ஏற்றுகிறாளாம். பதினோரு நோட்டும் முடிய மாதக்கணக்காகும் என்கிறாள். ஆகட்டும். எழுத்து உன்னோடது. முகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.